கால்குலேட்டர் ஓடாத கடைசிப் பத்து கிலோமீட்டர்

2023 டிசம்பர் 3, ஞாயிறு காலை. ஸ்பெயினின் வலென்சியா நகரில், வெள்ளைவெளேர் என்று நிற்கும் கலை, அறிவியல் நகரக் கட்டடங்களுக்கு நடுவே, தண்ணீரின் மேல் நீல நிறத்தில் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். மாரத்தானின் கடைசிச் சில நூறு மீட்டர்கள் அதன் மேல்தான். எத்தியோப்பியாவின் சிசாய் லெம்மா 2 மணி 1 நிமிடம் 48 விநாடியில் முதலாவதாக வருகிறார். 41 வயது கெனெனிசா பெக்கேலே 2:04:19-ல் நான்காவது. அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக முப்பது பேருக்கு மேல் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்த ஆள் மட்டும் இன்னும் வரவில்லை. 37-வது ஆளாக, 2:08:59-ல் வந்து சேர்கிறார் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய். 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை அவர் பெயரில் இருந்தது. அந்த இரண்டையும் அவர் பறித்தது பெக்கேலேயிடமிருந்து. அதிலும் 10,000 மீட்டர் சாதனை, இதே வலென்சியா நகரின் ஸ்டேடியத்தில், 2020 அக்டோபரில் ஓடியது. அதே பெக்கேலே இன்று அவருக்கு 4 நிமிடம் 40 விநாடி முன்னால்.

செப்டெகெயின் முதல் மாரத்தான் அது. சூத்திரத்தைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருக்கும். ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் கால்குலேட்டர்கள் இன்று ஓட்டக்காரர்களின் கைபேசியிலும் வாட்சிலும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது ஒரே சூத்திரம். செப்டெகெயின் 10,000 மீட்டர் நேரமான 26:11.00-ஐ அதில் போட்டால், மாரத்தானுக்கு 2:00:27 என்று வருகிறது. வலென்சியாவுக்கு இரண்டு மாதம் முன்பு சிகாகோவில் கெல்வின் கிப்டும் ஓடிய உலக சாதனை 2:00:35. மனிதக் கால்களால் என்ன முடியும் என்பதை எட்டு விநாடி வித்தியாசத்தில் சரியாகச் சொன்ன சூத்திரம், செப்டெகெயின் கால்களால் அன்று என்ன முடியும் என்பதை எட்டரை நிமிடம் தவறாகச் சொன்னது. மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பத்து கிலோமீட்டர் நேரத்தைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கும் எல்லோருக்கும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

ஒரு பொறியாளரின் 1.06

இந்தத் தேடலைத் தொடங்கியவர் ஆர்தர் கென்னலி. மும்பையின் கொலாபாவில் பிறந்து, அமெரிக்காவில் எடிசனிடம் வேலை பார்த்து, பிறகு ஹார்வர்டில் பேராசிரியரான மின் பொறியாளர். 1906-ல் ஓடும், நடக்கும், நீந்தும், துடுப்புப் போடும் மனிதர்களின் சாதனைகளையும் பந்தயக் குதிரைகளின் சாதனைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்து, களைப்புக்கு ஒரு தோராயமான விதி இருக்கிறது என்றார். தூரம் இரட்டிப்பானால் கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் சுமார் ஒன்பது சதவீதம் கூடும் என்பது அவர் கணக்கு. எழுபது ஆண்டு கழித்து, ஓஹியோவைச் சேர்ந்த பீட் ரீகல் என்ற பொறியாளர், அவரும் மாரத்தான் ஓடியவர், அதையே எளிமையாக்கி 1977-ல் ‘ரன்னர்ஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் எழுதினார். புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். தூரம் இரட்டிப்பானால் வேகம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் தளரும் என்பது அந்த 1.06-இன் பொருள்.

டிராக்கில் இது எவ்வளவு துல்லியம் என்பதற்கும் செப்டெகெயே சாட்சி. 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் அவர் 5,000 மீட்டரை 12:35.36-ல் ஓடினார். அதை வைத்து 10,000 மீட்டருக்கு ரீகல் தரும் விடை 26:14.9. இரண்டு மாதத்தில் அவர் ஓடியது 26:11.00. நான்கு விநாடிதான் வித்தியாசம். நம் குல்வீர் சிங் 2025 பிப்ரவரியில் பாஸ்டன் உள்ளரங்கில் 5,000 மீட்டரை 12:59.77-ல் ஓடினார், 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர். அதற்குச் சூத்திரம் 27:05.8 என்றது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் அவர் 10,000 மீட்டரை 27:00.22-ல் முடித்தார். உடலியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத சூத்திரம் இவ்வளவு நெருங்கி வருவது உண்மையிலேயே வியப்பான விஷயம். இதைக் குறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

■ பெட்டிச் செய்தி: கணக்கும் கால்களும்

செப்டெகெய், 5,000 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர்: கணிப்பு 26:14.9, ஓடியது 26:11.00

செப்டெகெய், 10,000 மீட்டரிலிருந்து மாரத்தான்: கணிப்பு 2:00:27, ஓடியது 2:08:59 (முதல் மாரத்தான், 2023)

எலியுட் கிப்சோகே, 10,000 மீட்டரிலிருந்து (26:49.02) மாரத்தான்: கணிப்பு 2:03:22, ஓடியது 2:05:30 (முதல் மாரத்தான், 2013), 2:01:09 (2022)

கெல்வின் கிப்டும், அரை மாரத்தானிலிருந்து (58:42) மாரத்தான்: கணிப்பு 2:02:23, ஓடியது 2:00:35 (2023)

ஒரே மனிதர், இரண்டு விடை

பெட்டியில் கிப்சோகேயின் வரியை நிதானமாகப் பாருங்கள். 10,000 மீட்டரில் செப்டெகெய் அவரைவிட 38 விநாடி வேகமானவர். மாரத்தானில் கிப்சோகேயின் சிறந்த நேரம், செப்டெகெயின் அன்றைய நேரத்தைவிட 7 நிமிடம் 50 விநாடி குறைவு. அதைவிட முக்கியம், கிப்சோகே தன் முதல் மாரத்தானில் கணிப்பைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஓடினார். ஒன்பது ஆண்டு கழித்து அதே கணிப்பை இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்தினார். அவருடைய 10,000 மீட்டர் நேரம் 2007-லேயே நின்றுவிட்டது. சூத்திரத்துக்குள் போகும் எண் மாறவே இல்லை. மாறியது ஆண்டுக்கணக்கான நீண்ட தூரப் பயிற்சி. கார்பன் தகடு வைத்த காலணிகளின் பங்கும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் காலணி எல்லோருக்கும் கிடைத்தது, 2:01:09 எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான். 1.06 என்பது புவியீர்ப்பைப் போல எல்லோருக்கும் பொதுவான மாறிலி கிடையாது. அது ஒவ்வொருவர் உடம்பும் எவ்வளவு தூரத்துக்குத் தயாராகியிருக்கிறது என்பதன் அளவு. நன்றாகப் பழகிய உடம்புக்கு அது 1.06-க்குக் கீழேகூட இறங்கும். பழகாத உடம்புக்கு 1.10-ஐயும் தாண்டும். கால்குலேட்டரோ நம் எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ரீகல் இதைத் தெரியாமல் செய்யவில்லை. 1981-ல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் எழுதிய விரிவான கட்டுரையில், மூன்றரை நிமிடத்திலிருந்து 230 நிமிடம் வரை நீளும் ஓட்டங்களுக்குத்தான் இந்த விதி பொருந்தும் என்று எல்லை போட்டார். 230 நிமிடம் என்றால் 3 மணி 50 நிமிடம். பொழுதுபோக்குக்காக மாரத்தான் ஓடுபவர்களில் பெரும்பாலோர் அதற்கு மேல்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, சூத்திரத்தை அதிகம் நம்புபவர்களில் பலர் அதன் எல்லைக்கு வெளியே நிற்பவர்கள்.

புள்ளிவிவரமும் இதைத்தான் சொல்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் புள்ளியியலாளராக இருக்கும் ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் இருவரும் 2,300-க்கு மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரர்களின் நேரங்களைத் திரட்டி 2016-ல் வெளியிட்டார்கள். அரை மாரத்தான் வரை ரீகல் கணிப்பு சரியாகவே இருந்தது. முழு மாரத்தானில் பாதிப் பேருக்கு அது குறைந்தது பத்து நிமிடம் வேகமான நேரத்தைச் சொல்லியிருந்தது. பாதிப் பேருக்கு, பத்து நிமிடம்! வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறார், வேறொரு தூரத்தில் அவர் நேரம் என்ன என்ற இரண்டு விவரங்களைச் சேர்த்ததும் கணிப்பு கணிசமாகத் திருந்தியது.

முப்பதாவது கிலோமீட்டரில் நடப்பது

அரை மாரத்தான் வரை சரியாக இருந்தது முழு மாரத்தானில் ஏன் உடைகிறது? விடை தசைகளிலும் கல்லீரலிலும் இருக்கிறது. உடம்பு சேர்த்துவைக்கும் கிளைகோஜன் சுமார் 400 முதல் 500 கிராம். 1,600 முதல் 2,000 கிலோ கலோரி. ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 650. அரை மாரத்தானுக்குச் சுமார் 1,370. இரண்டும் கையிருப்புக்குள் அடங்கிவிடும். முழு மாரத்தானுக்குச் சுமார் 2,740 வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பிலிருந்தும், வழியில் சாப்பிடும் ஜெல், பழம், பானம் ஆகியவற்றிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனை அதிகம் எரிக்கும். நீண்ட தூரம் ஓடிப் பழகிய உடல், அதே வேகத்தில் கொழுப்பைக் கூடுதலாகப் பயன்படுத்தக் கற்றிருக்கும். பழகாதவருக்கு முப்பது, முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் வாக்கில் கையிருப்பு தீர்ந்து, கால் கல்லாகிவிடும். பத்து கிலோமீட்டர் பந்தயம் இந்தப் பரீட்சையை வைப்பதே இல்லை. வைக்காத பரீட்சையின் மதிப்பெண்ணை அதிலிருந்து எப்படிக் கணிப்பது?

தவறான எண்ணின் விலை

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுகிறார். அரை மாரத்தானை 1 மணி 54 நிமிடத்தில் முடித்திருக்கிறார். 10கே நேரத்தைப் போட்டால் மாரத்தானுக்குக் கால்குலேட்டர் 3:50 என்கிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 விநாடி. இந்த பேஸில் ஓடினால் முதல் பாதியை 1:55-ல் கடக்க வேண்டும். அதாவது, தன் உயிரைக் கொடுத்து ஓடிய அரை மாரத்தானைவிட ஒரே ஒரு நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, அதற்கு மேல் இன்னொரு 21 கிலோமீட்டரை அதே வேகத்தில் ஓட வேண்டும். இது நடக்காது என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

இப்போது அவருடைய சொந்த எண்ணைக் கண்டுபிடிப்போம். 114 நிமிடத்தை 50-ஆல் வகுத்து மடக்கை எடுங்கள். தூரங்களின் விகிதமான 2.11-க்கும் மடக்கை எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 1.104 வருகிறது. தூரம் இரட்டிப்பானால் இவர் வேகம் தளர்வது நான்கு சதவீதம் அல்ல, சுமார் ஏழு. இந்த எண்ணைப் போட்டால் மாரத்தான் நேரம் 4:05. கிலோமீட்டருக்கு 5:48. இரண்டு பேஸுக்கும் நடுவே 21 விநாடி. முதல் ஐந்து கிலோமீட்டரில் அவர் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் முன்னதாகப் போய்ச் சேர்வார்; உடம்பு லேசாக இருக்கும், வாட்ச் பாராட்டும். அதற்கான கடனை வட்டியோடு திருப்பிக் கட்டுவது கடைசிப் பத்து கிலோமீட்டரில்.

இந்த விலை நேரத்தோடு நிற்பதில்லை. இலக்கு நேரத்தை வைத்துத்தான் நான்கு மாதப் பயிற்சியின் பேஸ்களை அமைக்கிறார்கள். இலக்கே தவறாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் வேகமாகி, முழங்காலும் குதிகால் தசைநாணும் பந்தய நாளுக்கு முன்பே புகார் சொல்லும். அதே எண்ணை வைத்துத்தான் எந்த அணியில் நின்று புறப்படுவது, எந்தக் கொடி பிடித்த பேசரோடு ஓடுவது, எத்தனை ஜெல் எடுத்துப்போவது என்பதெல்லாம் முடிவாகிறது. தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் ஆபத்தான திசையில் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அது அதிகம் இருந்தது. 3:50 என்று நினைத்துத் திட்டம் போட்டவர் 4:40 வரை வெயிலில் நிற்கும்போது, குடிப்பதும் சாப்பிடுவதும் திட்டத்தில் இல்லாத காரியங்களாகிவிடுகின்றன.

வெயில் என்றதும் நம் ஊருக்கு வர வேண்டும். சூத்திரத்தில் தூரமும் நேரமும்தான் உண்டு, வானிலை இல்லை. மாரத்தான் நேரங்களை வெப்பநிலையோடு ஒப்பிட்ட ஆய்வுகள், காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் ஏற ஏற எல்லோரும் தளர்கிறார்கள், மெதுவாக ஓடுபவர்கள் அதிகம் தளர்கிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. 2019-ல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்றவர் எடுத்தது 2:32:43. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவரே ஓடியது 2:17:08. உலகின் தலைசிறந்த வீராங்கனைக்கே பதினைந்து நிமிடம் போனது. சென்னையில் மாரத்தானை ஜனவரியில், விடிவதற்கு முன்பே தொடங்குவதற்குக் காரணம் இதுதான். அப்போதும் கடற்கரைக் காற்றின் ஈரம் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர் கடைசிப் பகுதியை வெயில் ஏறிய பிறகே ஓடுகிறார். பெங்களூரிலோ ஊட்டியிலோ ஓடிய 10கே நேரத்தை வைத்துச் சென்னை மாரத்தானைக் கணிப்பது இரட்டைத் தவறு.

■ பெட்டிச் செய்தி: பெண்களின் நிதானம்

அமெரிக்காவின் 14 மாரத்தான்களில் ஓடிய 91,929 பேரின் நேரங்களை ராபர்ட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் அலசினார்கள். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதம் தளர்ந்தார்கள், பெண்கள் 11.7 சதவீதம். கால்குலேட்டர் இருவருக்கும் ஒரே 1.06-ஐத்தான் தருகிறது.

மறுப்புகளும் பதில்களும்

கணிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தானே மனிதன் முயல்வான், இலக்கு உயரமாக இருப்பதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. இலக்குக்குச் சக்தி இருப்பது உண்மைதான். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் நேரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்று மணி, நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிந்திருந்தது. நான்கு மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கால்களை இழுத்துப்போகிறது. ஆனால் அந்தச் சக்தி வேலை செய்வது கடைசியில், எட்டக்கூடிய எண் கண்ணெதிரே இருக்கும்போது. எட்டாத எண் வேலை செய்வது முதல் பத்து கிலோமீட்டரில். அங்கே அது கெடுதலைத் தவிர வேறொன்றும் செய்யாது. கிப்டும் சிகாகோவில் முதல் பாதியை 60:48-லும் இரண்டாம் பாதியை 59:47-லும் ஓடினார். உலக சாதனையே பின்பாதியில்தான் வந்தது.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் பெயரால் வருகிறது. இப்போது வாட்ச் நம் ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவுசெய்கிறது, இதயத் துடிப்பையும் படிக்கிறது. பழைய சூத்திரத்தைப் பற்றி ஏன் கவலை என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. தார்ஸ்டன் எமிக், யூசி பெல்டோனென் இருவரும் 2020-ல் சுமார் 14,000 பேரின் 16 லட்சம் பயிற்சி அமர்வுகளை ஆராய்ந்து, ஒருவரின் உச்ச வேகம் ஒன்று, அதைத் தாக்குப்பிடிக்கும் திறன் இன்னொன்று என இரண்டு தனி எண்களால் அவர் ஓட்டத்தை விவரிக்க முடியும் என்று காட்டினார்கள். நான் இங்கே வாதிடுவதும் இதையேதான்: ஒரு எண் போதாது. ஆனால் அந்த இரண்டாவது எண்ணைக் கணிக்க வாட்சுக்கு நீண்ட ஓட்டங்களின் பதிவு வேண்டும். வாரம் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடுபவரின் வாட்சில் அது எங்கிருந்து வரும்? அங்கேயும் அது ஊகம்தான். திரையில் விநாடிவரை காட்டுவதால் ஊகம் அளவீடாகிவிடாது.

மூன்றாவது மறுப்பு எனக்கே கனமானதாகப் படுகிறது. இரண்டு பந்தயங்களை வைத்துச் சொந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்களே, அந்த இரண்டில் ஒன்று மோசமான நாளாக இருந்திருந்தால்? உண்மைதான். மேலே சொன்னவர் அரை மாரத்தானை 1:54-க்குப் பதில் 1:52-ல் ஓடியிருந்தால் அவர் எண் 1.08-ஆக இறங்கி, மாரத்தான் கணிப்பு 3:57 ஆகிவிடும். அரை மாரத்தானில் இரண்டு நிமிடம் மாறினால் மாரத்தானில் எட்டு நிமிடம் மாறுகிறது. அதனால்தான் கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்வதே பிழை என்கிறேன். 3:57 முதல் 4:05 வரை என்று சொல்வதுதான் நேர்மை. இந்த நேர்மைக்கு மதிப்பும் இருக்கிறது. 2026 பாஸ்டன் மாரத்தானில் இடம் பிடிக்க, தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடி வேகமாக ஓடியிருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வாசலில் நிற்பவருக்குத் தன் கணிப்பின் பிழை எத்தனை நிமிடம் என்று தெரியாமல் இருக்க முடியாது.

இந்திய ஓட்டத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. குல்வீர் சிங்கின் 27:00.22-ஐ ரீகல் சூத்திரத்தில் போட்டால் மாரத்தானுக்கு 2:04:13 வருகிறது. 1978-ல் ஜலந்தரில் சிவநாத் சிங் ஓடிய 2:12:00, பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக அசையாமல் நின்றது. வேகமுள்ள இளைஞர்கள் இந்த நாட்டில் இல்லாமலா அது அத்தனை காலம் நின்றது? டிராக் வேகத்தை மாரத்தான் நேரமாக மாற்றும் வேலையைச் சூத்திரம் செய்யாது. ஆண்டுக்கணக்கில் நீண்ட தூரம் ஓடவும், அதற்கேற்றபடி சாப்பிடவும், ஓய்வெடுக்கவும் வசதி செய்து தரும் முகாம்கள்தான் செய்யும். அதற்குச் செலவிடாமல் கணிப்பை மட்டும் பார்த்து நம்பிக்கை வைப்பது வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கால்குலேட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பத்து கிலோமீட்டரிலிருந்து அரை மாரத்தானுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழு மாரத்தானுக்கு, ஒரே பருவத்தில், ஒத்த வானிலையில், முழு முயற்சியோடு ஓடிய இரண்டு பந்தயங்களை எடுத்து உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள். கால்குலேட்டர் சொல்வது, உங்கள் எண் சொல்வது இரண்டில் மெதுவானதை வைத்து முதல் முப்பது கிலோமீட்டரை ஓடுங்கள். கால் இடம்கொடுத்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பதிவுப் படிவத்தில் உத்தேச நேரம் கேட்கும் மாரத்தான் அமைப்பாளர்கள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்ற கேள்வியையும் அதன் பக்கத்திலேயே சேர்க்கட்டும். செயலி தயாரிப்பவர்கள், 32 கிலோமீட்டர் லாங் ரன் ஒன்றுகூடப் பதிவாகாத ஒருவருக்கு மாரத்தான் நேரத்தை விநாடி சுத்தமாகக் காட்டுவதை நிறுத்தட்டும்.